நம்பிக்கையில்லாத் தீர்மானம்

ஆளும் அமைச்சரவைமீது மக்களவை நம்பிக்கை இழந்துவிட்டதாக அறிவிக்கக் கோரும் தீர்மானம். இந்திய அரசமைப்பின் 75(3) பிரிவின்படி அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. ஆகவே மாநிலங்களவையில் இத்தீர்மானத்துக்கு இடமில்லை.

மக்களவை விதி 198-இன்படி, அனுமதி கோரும்போது குறைந்தது 50 உறுப்பினர்கள் ஆதரவாகத் தத்தம் இடத்தில் எழுந்து நிற்க வேண்டும். அவைத்தலைவர் தலைகளை எண்ணி, 10 நாட்களுக்குள் விவாத நாளைக் குறிப்பார். காரணம் எதையும் எழுதித்தர வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேறினால் அமைச்சரவை முழுவதும் பதவி விலக வேண்டும்.

1963 ஆகஸ்டில் நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்ததே முதல் தீர்மானம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. வெல்லாது என்று தெரிந்தும் எதிர்க்கட்சிகள் இதைக் கையிலெடுப்பது, பிரதமரை அவையில் பதில் சொல்லவைக்கத்தான். 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இத்தகைய தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார்.

அரசுகளை உண்மையில் வீழ்த்தியவை, அவையே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானங்கள். வி.பி. சிங் (1990), தேவ கௌடா (1997) இப்படித் தோற்றவர்கள். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிய பின், 1999 ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் பெற்றவை 269 வாக்குகள்; எதிராக 270. ஒடிசா முதல்வராகிவிட்டிருந்த கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமல் வந்து எதிர்த்து வாக்களித்தது இன்றும் சர்ச்சைக்குரியது. மாற்று அரசு அமையாததால் மக்களவை கலைக்கப்பட்டது. தேர்தலுக்குப் பின் அக்டோபரில் வாஜ்பாயே மீண்டும் பிரதமரானார்.