180 கி.மீ சைக்கிள், நடுவுல மலை... உங்களுக்கு எந்த ஹேண்டில்பார் செட் ஆகும்?

3.8 கி.மீ நீச்சல். கரையேறியதும் 180 கி.மீ சைக்கிள். அது முடிஞ்சதும் 42.2 கி.மீ ஓட்டம். இதுதான் 'அயர்ன்மேன்' எனப்படும் நீண்ட தூர டிரையத்லான். கேட்கும்போதே மூச்சு வாங்குதா? பிரான்ஸின் நீஸ் நகரில் நடக்கும் போட்டியில் இந்த 180 கி.மீ-க்குள் சுமார் 2,400 மீட்டர் ஏற்றமும் இருக்கிறது. மத்தியதரைக் கடலோரம் கிளம்பி, மலைகளில் ஏறி, மறுபடியும் கடற்கரைக்கே இறங்கி வரணும்.

2023-ல் ஆண்களுக்கான அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது, 'டிரையத்லான் பைக்கா, ரோடு பைக்கா?' என்ற பேச்சு பலமாக அடிபட்டது. அந்தக் கேள்வியில் பாதி ஹேண்டில்பாரைப் பற்றியதுதான். மலைப்பாதை ரேஸுக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பார்க்கலாம் வாங்க.

மூணு வகை இருக்கு

1. டிராப் பார்: ரோடு பைக்கில் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்குமே, அதுதான். மேலே, பிரேக் மூடியில், கீழ் வளைவில் என மூன்று இடங்களில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். கை பிரேக் மூடியிலோ கீழ் வளைவிலோ இருந்தால், பிரேக்கும் கியரும் விரல் நுனியில்.

2. டிராப் பார் + கிளிப்-ஆன்: அதே டிராப் பாரில், முன்பக்கம் நீளும் இரண்டு குழாய்களையும் முழங்கை வைக்கும் பேடுகளையும் தனியாக வாங்கி மாட்டுவது.

3. பேஸ் பார் + ஏரோ பார்: டிரையத்லான் பைக்குடன் வரும் செட். பிரேக் இருப்பது பேஸ் பாரில், கியர் பெரும்பாலும் ஏரோ பாரின் நுனியில்.

முழங்கையை ஊன்றி, குனிந்து, காற்றைக் கிழித்துப் போவதுதான் ஏரோ பாரின் வேலை. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் 50 விநாடிகள் பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், ஏரோ பாரோடு 24.5 கி.மீ ஓட்டி, மொத்தத்தில் வெறும் 8 விநாடிகள் வித்தியாசத்தில் பட்டத்தையே தூக்கினார். அயர்ன்மேனில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போக விதி அனுமதிக்காது. உங்கள் காற்றை நீங்கள்தான் சமாளிக்கணும். அதனால்தான் இங்கே ஏரோ பாருக்கு இவ்வளவு மவுசு.

காற்றா, மலையா?

ஒரு சின்ன கணக்கு. ரைடர் 75 கிலோ, சைக்கிள் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 36 கி.மீ வேகத்தில் போனால், காற்றைத் தள்ள மட்டுமே சுமார் 180 வாட் சக்தி செலவாகும். அதே ஆள் 8 சதவிகித ஏற்றத்தில் 10 கி.மீ வேகத்தில் ஏறினால், உடலையும் சைக்கிளையும் மேலே தூக்க சுமார் 185 வாட். காற்றுக்கு? வெறும் 4 வாட்!

அதாவது, செங்குத்தான ஏற்றத்தில் ஏரோ பார் கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து நல்லா மூச்சு விடுவதும், தேவைப்பட்டால் எழுந்து நின்று மிதிப்பதும்தான் முக்கியம். ஆனால், ரேஸ் முழுக்க ஏற்றமே இருக்காது. சமதளத்திலும் லேசான சரிவிலும் ஏரோ பார் நிமிடக்கணக்கில் மிச்சம் பிடித்துத் தரும். அதனால் 'மலை ரேஸுக்கு ஏரோ பாரே வேணாம்' என்று ஒதுக்கவும் முடியாது.

இறக்கத்துலதான் விஷயமே இருக்கு

ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. 50 கி.மீ வேகத்தில் இறங்கும்போது, கையை எடுத்து பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆனாலே சைக்கிள் கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிருக்கும். ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம் பாஸ்! எனவே வளைவான இறக்கத்தில் ஏரோ பாரை மறந்துவிட்டு, பிரேக் இருக்கும் இடத்தில் கையை வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

டிராப் பாரின் கீழ் வளைவைப் பிடித்தால் பிடி வலுவாக இருக்கும், வளைவுகளில் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்கும். பேஸ் பாரிலும் இறங்கலாம், ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். கியரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கேபிள் கியர் ஏரோ பாரின் நுனியில் இருந்தால், ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் கையை எடுத்துத்தான் மாற்றணும். எலெக்ட்ரானிக் கியர் என்றால் இரண்டு இடத்திலும் பட்டன் வைக்கலாம்.

அப்போ, உங்களுக்கு எது?

* முதல் மலை ரேஸ், கையில் ரோடு பைக் இருக்கு: டிராப் பார் + குட்டையான கிளிப்-ஆன். புது டிரையத்லான் பைக்கைவிட செலவு பல மடங்கு குறைவு.
* டிரையத்லான் பைக்கில் பல மாதம் பழகியாச்சு, பாதையில் சமதளமும் கணிசமா இருக்கு: பேஸ் பார் + ஏரோ பார். பேடுகளை இன்னும் இறக்குவதைவிட, கொஞ்சம் உயர்த்தி வைப்பது நல்லது.
* இறக்கம் என்றாலே பயம்: வெறும் டிராப் பார். சில நிமிடங்கள் போனாலும் போகட்டும், முழுசா திரும்பி வருவது முக்கியம்.

வாங்கும் முன் கவனிங்க

* அகலம்: டிராப் பார் பொதுவாக 38 முதல் 44 செ.மீ வரை கிடைக்கும். உங்கள் தோள் எலும்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, அதற்கு நெருக்கமாக வாங்குங்க.
* பொருத்தம்: பெரும்பாலான கிளிப்-ஆன்கள் 31.8 மி.மீ வட்டமான பாருக்கானவை. மேல்பகுதி தட்டையாக இருந்தால் பொருந்தாது. கார்பன் பார் என்றால், கிளிப்-ஆன் மாட்டலாமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்க. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்க வேண்டாம், விரிசல் விடலாம்.
* சீட்: ரோடு பைக்கில் கிளிப்-ஆன் மாட்டினால் உடல் ரொம்ப முன்னால் நீளும், இடுப்பு மடங்கும். சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டியிருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் அதன் வலி 42 கி.மீ ஓட்டத்தில் தெரியும்.
* மூடி: ஹேண்டில்பாரின் திறந்த முனைகளில் மூடி இருக்கணும். விழுந்தால் வெறும் குழாய் உடலைக் குத்திவிடும் என்பதால் இது போட்டி விதியே.

கடைசியா ஒரு டெஸ்ட். அந்த ஹேண்டில்பாரோடு சமதளத்தில் ஒரு மணி நேரம் குனிந்தபடியே ஓட்டிப் பாருங்க. கழுத்து வலித்தாலோ விரல்கள் மரத்துப்போனாலோ, பேடுகளை உயர்த்துங்க. அடிக்கடி நிமிர வைக்கும் ஏரோ பொசிஷனால் பலன் இல்லை. அடுத்து, பக்கத்தில் இருக்கும் மலைப்பாதையில், வண்டிகள் குறைவான அதிகாலையில் ஏறி இறங்கிப் பாருங்க. இரண்டிலும் பாஸ் ஆனால், அதுதான் உங்கள் ஹேண்டில்பார். ரேஸுக்கு முந்தின நாள் மட்டும் எதையும் மாற்றிடாதீங்க!