முட்கம்பி வேலியும் தபாற்கல்வியும்
ஊவாவின் வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகளை ஏற்றிவந்த முதற் கப்பல் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. புகையிரதத்தில் மலையேற்றப்பட்ட அவர்கள், ஊவாவின் தியத்தலாவையில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். இவ்வாறு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 5,000 பேராவர். தோல்வியும் பிரிவும் வாட்டிய அந்நிலையிலும் அவர்கள் முகாமுக்குள் வகுப்புகளை நடத்தினர், பத்திரிகையும் வெளியிட்டனர். ஊவாவில் சிறைவாசமும் கல்வியும் சந்தித்த முற்பட்ட நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று எனலாம்.

அதே மலைச்சரிவுகளில் மற்றொரு சாராரும் சிறையை அறிந்திருந்தனர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டகலும் தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. வேலையை விட்டுச் செல்வதே குற்றமாயிற்று. இத்தண்டனை முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே நீக்கப்பட்டது. போயர் கைதி எழுத்தறிவோடு சிறை புகுந்தான்; ஆதலின் அங்கும் அவனாற் கற்க முடிந்தது. தமிழ்த் தொழிலாளியோ தன்னைப் பிணித்த ஒப்பந்தத்தையே வாசிக்க அறியாதவனாய்ச் சிறை புகுந்தான். இவ்வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது.

ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் கூடாமலே கற்கும் முறைக்கு வழிதிறந்தது இலண்டன் பல்கலைக்கழகமாகும். 1858இல் அது தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவருக்கும் உரியதாக்கியது. பிற்காலத்தில் றொபன் தீவுச் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா அப்பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பைத் தபால் மூலம் பயின்றார். அவரைச் சிறையிட்ட ஆட்சி, ஒரு காலத்தில் தியத்தலாவையில் அடைபட்டிருந்த இனத்தவரின் வழிவந்தோர் கையில் இருந்தது என்பது வரலாற்றின் விசித்திரமாகும்.

இந்தியாவில் 1985இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம், 1994இல் தில்லியின் திகார் சிறையிற் கற்கை நிலையத்தை அமைத்தது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அதற்கு முன்னரே, 1980இல் தோன்றியது. பதுளையிலும் அதன் நிலையம் உண்டு. பதுளையிற் சிறைச்சாலையும், அண்மையில் தல்தெனையில் இளங்குற்றவாளிகளுக்கான திருத்த நிலையமும் உள்ளன. பாடநூலை அனுப்பும் இடமும் அதனைப் பெறவேண்டியவர் இருக்கும் இடமும் ஒரே மாவட்டத்தில் உள்ளன.

எனினும் பாடநூலை அனுப்புவதால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடாது. தொலைக்கல்வி, தானே வாசித்து விளங்கக்கூடியவனுக்கே பயன்தரும். தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு 1907ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்தபோதிலும், ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்டோரையே அது கருதியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேயாம். இப்பின்தங்கிய வரலாற்றின் சுமை சிறைவாசலிலும் இறங்குவதில்லை. ஆகவே பட்டப்படிப்புக்கு முன்னர் எழுத்தறிவு வகுப்பும், தாய்மொழியிற் பாடநூலும், கைதி வேறு சிறைக்கு மாற்றப்படினும் அவனைத் தொடர்ந்து செல்லும் கல்விப் பதிவேடும் வேண்டப்படுகின்றன.

நீதிமன்றம் பறிப்பது நடமாடும் உரிமையை. கற்கும் உரிமையை அன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்நியக் கைதிக்கு ஊவாவின் மண்ணிற் கிட்டிய வாய்ப்பு, அம்மண்ணை வளம்படுத்தியவரின் வழித்தோன்றலுக்கு மறுக்கப்படலாகாது.