தமிழ்ப் புனைகதையில் விளியும் அதிகாரமும்

தமிழில் ஒருவரை எப்படி அழைப்பது என்பதைப் பேசுபவர் மட்டும் முடிவு செய்வதில்லை. சாதி, வயது, பால், செல்வம் ஆகியவை அதை முன்கூட்டியே வகுத்துவிடுகின்றன. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் தோன்றிய உயர்சொல்லே தவிர இலக்கண நெறியாகாது என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். மரியாதைப் பன்மை சமூக வழக்கிலிருந்தே மொழிக்குள் வந்தது என்பது இதனால் விளங்கும். ஆகவே, புனைகதையின் விளிச்சொற்களை வட்டார மணமாக மட்டும் வாசிப்பது போதாது. கதைமாந்தரிடையே அதிகாரம் பங்கிடப்பட்டிருக்கும் முறைக்கு அவையே நேரடிச் சான்று.

ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் வெளியிட்ட ஆய்வு, முன்னிலைப் பெயர்களின் பயன்பாட்டை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரண்டின் அடிப்படையில் விளக்கியது. இருவர் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டால் அங்கே நெருக்கமோ சமநிலையோ உண்டு. ஒருவர் ‘நீ’ என்றும் மற்றவர் ‘நீங்க’ என்றும் பேசியாக வேண்டுமானால் அங்கே ஏற்றத்தாழ்வு உண்டு. ‘நீ’ என்பதிலேயே இழிவு இல்லை. அடியார் இறைவனை அப்படித்தான் அழைக்கிறார். அதைத் திருப்பிச் சொல்லும் உரிமை யாருக்கு இல்லை என்பதே ஆராய வேண்டியது.

பாமாவின் தன்வரலாற்றுப் படைப்பான ‘கருக்கு’ (1992) இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. நாயக்கர் வீட்டுச் சிறுவன் தலித் மூதாட்டியைப் பெயர் சொல்லி அழைக்கிறான். மூதாட்டி அவனை ‘அய்யா’ என்கிறார். முதுமைக்கு உரிய மதிப்பைச் சாதி பறித்துவிடுகிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் வரும் ஆரோக்கியம், பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுப்பவள். ஊரில் ஒடுக்கப்பட்டவர்களையே அவள் ‘சாமி’ என்று அழைக்க வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் படிநிலை இருப்பதை இந்த ஒற்றை விளி உணர்த்திவிடுகிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் பெயர்களே படிநிலையைச் சொல்கின்றன. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் பிள்ளைகள் கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி என்று உடலை வைத்து அழைக்கப்படுகிறார்கள். கவுண்டர் வீட்டுப் பையனின் பெயரோ செல்வன்.

விளி அதிகாரத்தைக் கலைக்கவும் வல்லது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், சென்னைக்கு வந்த கடவுளைப் பிள்ளை ‘ஓய்’ என்றும் ‘நீர்’ என்றும் அழைக்கிறார். அவருடைய மகளோ ‘தாத்தா’ என்கிறாள். முன்னது கடவுளைச் சக மனிதராக்குகிறது, பின்னது உறவினராக்குகிறது.

உரையாடலுக்கு வெளியிலும் இதே சிக்கல் உண்டு. யாருக்கு ‘வந்தார்’, யாருக்கு ‘வந்தான்’ என்று கதைசொல்லி விகுதி சேர்க்கும்போது, ஆசிரியரும் அந்தப் படிநிலையில் ஒரு பக்கம் சேர்கிறார். பண்ணையாருக்கு ‘ஆர்’ விகுதியும் முதிய பண்ணையாளுக்கு ‘ஆன்’ விகுதியும் தரும் நடை, ஊர் வழக்கைக் கதைசொல்லியின் குரலாகவே ஆக்கிவிடுகிறது. எனவே விளி குறித்த ஆய்வு மூன்றையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்: யார் யாரை எப்படி அழைக்கிறார், அதே சொல் திரும்பி வருகிறதா, கதைசொல்லி யாருடைய வழக்கைத் தன் வழக்காக ஏற்கிறார்.