மழை ஒன்று, கரை இரண்டு

"இந்தியாவினதும் இலங்கையினதும் காலநிலையை ஒப்பிடுக." எங்கள் வகுப்பறைகளில் அடிக்கடி எழும் வினா இது. மாணவர்கள் தாளின் நடுவே கோடு கிழித்துக்கொள்வார்கள். ஒரு பக்கத்தில் இமயத்தின் பனியும் தார்ப் பாலைவனமும் இடம்பெறும். மறு பக்கத்தில் ஆண்டு முழுவதும் பெரிய மாற்றமின்றி வெப்பம் நிலவும் சிறு தீவு இடம்பெறும். எழுதியது பிழையல்ல. ஆயினும் தெல்லிப்பழையிலிருந்து நோக்கும் ஒருவருக்கு அந்தக் கோடு பாக்கு நீரிணையின் மேல் விழுவதாகத் தெரியாது.

தென்மேல் பருவப்பெயர்ச்சி கேரளத்தில் மழையைக் கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. இலங்கையில் இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிறது. மத்திய மலைநாடு அங்கே மறிக்கிறது. தமிழகத்தின் கீழைக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அக்காற்று பெரும்பாலும் வறண்டே வந்து சேர்கிறது. நாங்கள் சோளகம் என்பது அதனைத்தான். ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமே இரு கரைகளுக்கும் மழைக்காலம். யாழ்ப்பாணம் ஆண்டுக்குப் பெறும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றரில் பெரும்பகுதியும், சென்னை பெறும் ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றரில் பாதிக்கு மேலும் இம்மாதங்களிலேயே பெய்கின்றன. ஆகவே காலநிலையின் எல்லை கடலில் இல்லை. இரு நாடுகளின் மலைகளில் இருக்கிறது.

கடலோடிகள் இதனை முன்பே அறிந்திருந்தனர். பருவக்காற்றுக்கு ஐரோப்பியர் வழங்கும் 'மொன்சூன்' என்ற சொல், காலம் அல்லது பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகச் சென்றது. சோழமண்டலக் கரையை அரபுகள் 'மஃபர்', அதாவது கடக்கும் இடம், என்றனர். 1344 இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்த இப்னு பதூதா, அங்கிருந்து மஃபருக்குப் புறப்பட்டபோது காற்று மிகுந்து கப்பல் சேதமடைந்ததைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட அமைதியான மாதங்களிலேயே நடந்தது.

அழிவும் பொதுவாகவே வந்திருக்கிறது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்ற சூறாவளியே தனுஷ்கோடியை அழித்தது. 1914 இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் பாதையும் அத்துடன் முடிந்தது. 2008 நவம்பரில் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்திய 'நிஷா' புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது. எங்கள் அயலிலுள்ள காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்ரோபரில் தொடங்கிய கப்பற் சேவை, வடகீழ்ப் பருவத்தை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஓகஸ்ட்டில்தான் மீண்டது. இயந்திரக் கப்பலும் மவ்சிமைக் கேட்டே கடலில் இறங்கவேண்டியிருக்கிறது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு. அது வானத்தில் அல்ல, நிலத்தில். தஞ்சைக்குக் காவிரி இருக்கிறது. குடகு மலையில் பெய்யும் தென்மேல் மழையை அது கீழைக் கரைவரை கொண்டு வருகிறது. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை அதைத் தேக்கி வைக்கிறது. அதனால் சோளகக் காலத்திலும் அங்கே குறுவை விளைகிறது. குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மழையை நம்பிய காலபோக நெல் ஒன்றே எமக்கு வாய்த்தது. மூன்று மாதங்கள் பெய்வது சுண்ணக்கல்லில் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. மிகுதி மாதங்களுக்கு அதுவே குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே.

துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இயந்திரம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்கென்றே முன்னோர் ஊர்தோறும் சிறு குளங்கள் வெட்டி வைத்தனர். அவற்றுள் தூர்ந்தவையும் நிரவப்பட்டவையும் பல. அடுத்த முறை மாணவர்கள் கோடு கிழிக்கும்போது, மழையின் அளவோடு அது தங்கும் இடத்தையும் ஒப்பிடச் சொல்லவேண்டும். அயலவருக்கு ஆறு இருக்கிறது. நமக்குக் குளமும் கிணறுமே இருக்கின்றன.