மீரியபெத்தயில் பேய் இருக்கிறதா?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். குறிப்பாக, எங்களிடம் படித்து இப்போது கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வாசிக்க வேண்டும்.

மழைக்காலம் வந்தால் கொஸ்லந்தயில் ஒரு பேச்சும் கூடவே வரும். மீரியபெத்தப் பக்கம் இரவில் அழுகைச் சத்தம் கேட்கிறதாம், வெள்ளை உருவம் நடக்கிறதாம், வெளிச்சம் தெரிகிறதாம். வகுப்பில் பிள்ளைகள் “சேர், அங்க பேய் இருக்கா?” என்று கேட்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். பேய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் பாடம் இல்லை. ஜின் என்ற படைப்பு இருப்பதாக நம்புகிற மார்க்கத்தைச் சேர்ந்தவன் நான். எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் ஆசிரியருக்கு முனியாண்டி மீது பக்தி. யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு ஊரில் ஒரு பேய் எப்போது வருகிறது? அது வந்த நேரத்தில் அந்த ஊரில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது?

முதலில் 350 வருடம் பின்னால் போவோம்.

1660இல் கொட்டியாரக் கரையில் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞன் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டான். 19 வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து, 1679இல் தப்பினான். 1681இல் லண்டனில் அவன் எழுதிய இலங்கை பற்றிய புத்தகம் வெளிவந்தது. அதில் பேயைப் பற்றியும் எழுதியிருக்கிறான். இரவில் நாய் குரைப்பது போல ஒரு கூர்மையான சத்தம் கேட்கும், அது பேயின் குரல் என்று மக்கள் சொல்கிறார்கள், தானும் பல தடவை கேட்டிருக்கிறேன் என்கிறான். அந்தச் சத்தத்தால் யாருக்கும் கெடுதி வந்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றும் சொல்கிறான்.

அதோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் எழுதுகிறான். அந்தச் சத்தம் கேட்பதற்குச் சற்று முன்னரோ பின்னரோ மன்னன் ஆட்களைக் கொல்வது வழக்கம் என்று ஊர் மக்கள் கவனித்திருந்தார்களாம். தானும் அதைக் கவனித்ததாகச் சொல்கிறான்.

இந்த இடத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது நான் கொஞ்சம் நிறுத்துவேன். சத்தம் யாரையும் கொல்லவில்லை. கொன்றவன் மன்னன். ஆனால் மன்னனைப் பற்றி வாய் திறந்தால் தலை போகும். பேயைப் பற்றிப் பேசலாம், அதற்குத் தண்டனை இல்லை. ஆகவே அரண்மனைப் பயம் காட்டுக்குள் போய்க் குரல் எடுத்தது.

அந்தக் குரலுக்குச் சிங்களத்தில் “உலமா” என்று பெயர். (எங்கள் உலமாக்கள் கோபிக்க வேண்டாம், இது வேறு சொல்!) கணவன் சந்தேகத்தால் பிள்ளையைக் கொன்று மனைவிக்கே சமைத்துக் கொடுத்தான், உண்மை தெரிந்த தாய் காட்டுக்கு ஓடிப் பறவையாகி அலறுகிறாள் என்பது ஊர்க் கதை. வயிற்றில் புள்ளிகள் உள்ள ஒரு பெரிய காட்டு ஆந்தைதான் அந்தக் குரலோடு பெருமளவு பொருந்துகிறது என்று பறவை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கதையிலும் பயங்கரம் பறவையிடம் இல்லை, வீட்டுக்குள் இருந்தது.

எங்கள் தியலும நீர்வீழ்ச்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மலைக்கு நாடு கடத்தப்பட்ட ஓர் இளம் தலைவன். அவனைத் தேடி வந்த காதலி. பாதை எல்லாவற்றிலும் காவல். அவன் மேலிருந்து கயிறு விட்டு அவளை இழுக்க, அவள் பாறையில் மோதி இறந்துபோனாள். அதைப் பார்த்து மனம் இளகிய தேவர்கள் மலையிலிருந்து தண்ணீரைப் பெருகவிட்டார்களாம். 220 மீற்றர் உயரத்திலிருந்து பூனாகலை ஓயா விழுவதைப் பார்க்க இன்று பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். செல்ஃபி எடுக்கிற யாரும் “ஏன் அந்தப் பாதைகளில் காவல் போட்டார்கள்?” என்று கேட்பதில்லை.

அடுத்து தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்த மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் இந்த மலையில் புதிய சாமிகளும் பிறந்தன. தேயிலை ஸ்டோரில் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். பெல்ட்டும் சக்கரமும் சுழல்கிற இடத்தில் கை போனால் கை போனதுதான். அந்தப் பயத்துக்குக் காவலாக நின்ற சாமி ரோதமுனி. கவ்வாத்துக் காலத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. கூரான கத்தியோடு சறுக்குகிற சரிவில் நின்று செடி வெட்டுகிறவன் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். ஊரில் இல்லாத சாமி இங்கே ஏன் வந்தது? ஊரில் இல்லாத ஆபத்து இங்கே இருந்ததால். தோட்டத்துச் சாமிகளின் பட்டியலை எழுதிப் பாருங்கள், அது தோட்டத்து ஆபத்துகளின் பட்டியலாகவும் இருக்கும்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2011 ஓகஸ்ட். ஞாபகம் இருக்கிறதா? கிறீஸ் பூதம்!

பழைய காலத்தில் “கிறீஸ் யக்கா” என்றால் ஒரு திருடன். பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓட உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொள்பவன். அந்தப் பழைய பெயர் 2011இல் புது உருவம் எடுத்தது. பெண்களைத் தாக்குகிறான், நகத்தால் கீறுகிறான், கூரைக்கு மேல் பாய்கிறான், காலில் ஸ்பிரிங் பூட்டியிருக்கிறான் என்றெல்லாம் செய்தி. புதையல் எடுக்கப் பெண்களின் இரத்தம் வேண்டுமாம் என்று ஒரு கதை. அவசரகாலச் சட்டத்தை நீட்டிக்கச் செய்கிற வேலை என்று இன்னொரு கதை. (அந்தச் சட்டம் முடிவுக்கு வருகிறது என்ற அறிவிப்பு பாராளுமன்றத்தில் அதே ஓகஸ்ட் 25ஆம் திகதி வந்தது.)

அது ரமழான் மாதம். ஆண்கள் தராவீஹ் தொழுகைக்குப் போனால் வீட்டில் பெண்கள் தனியாக. தோட்டத்திலோ லயத்துக் கழிப்பறை வெளியே, விளக்கில்லாத பாதையில். கொழுந்து மலையில் காலையில் பெண்கள்தான் முன்னே போக வேண்டும். அதாவது பூதம் போய் நின்ற இடங்கள், பெண்கள் ஏற்கெனவே பயந்து பயந்து நடந்த இடங்கள். யுத்தம் முடிந்து இரண்டே வருடம். பொலிஸுக்குச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று நம்பாத மக்கள் தாங்களே பொல்லை எடுத்தார்கள்.

முடிவு என்ன? ஹப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் கிறீஸ் பூதம் என்ற சந்தேகத்தில் இரண்டு மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். பொத்துவிலிலும் கிண்ணியாவிலும் மக்களுக்கும் பாதுகாப்புத் தரப்புக்கும் மோதல். புத்தளத்தில் 21ஆம் திகதி ஒரு போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் கொல்லப்பட்டார். அடுத்த நாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். அந்த மக்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள்.

முஸ்லிம், தமிழர், சிங்களவர், தோட்டம், டவுன், கடற்கரை என்று எல்லோரையும் ஒரே மாதத்தில் விழிக்க வைத்தது ஒரு பூதம். பெண்கள் சொன்னது எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டில் பெண்களிடம் சேட்டை விட்டவர்கள் மனிதர்கள்தான். ஆனால் “பூதம்” என்ற சொல் வந்தவுடன் விசாரணை போய்விட்டது. பூதத்துக்கு யார் மேல் வழக்குப் போடுவது? உண்மையாகத் தாக்கப்பட்ட பெண்ணுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, சந்தேகத்தில் செத்தவனுக்கும் கிடைக்கவில்லை.

உறவுகளே, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம் இனித்தான் வருகிறது.

அதே 2011ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், அம்பிட்டிகந்த தோட்டத்து மீரியபெத்தப் பிரிவு மண்சரிவு அபாயத்தில் இருக்கிறது, மக்களை அகற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2005இலும் இதையே சொல்லியிருந்தது. கூரையில் பாய்கிற பூதத்துக்காக ஒரு நாடே இரவிரவாக விழித்திருந்தது. மலை நகர்கிறது என்ற செய்திக்கு யாரும் விழிக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயன்கள், கோயில், பாதை எல்லாம் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இருக்கவில்லை. ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று செய்தி ஓடியது. பின்னர் அந்தத் தொகை முப்பதைத் தாண்டிய ஓர் எண்ணிக்கைக்குக் குறைந்தது. அதில் பலரின் உடல் வெளியே எடுக்கப்படவே இல்லை. அவர்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்ளேதான்.

அன்று தொலைக்காட்சியில் “எச்சரித்தோம், மக்கள் போகவில்லை” என்று சொன்னார்கள். சரி, எங்கே போவது? லயன் காம்பரா தோட்டத்தின் சொத்து. மண் அவர்கள் பெயரில் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் அந்த மலையில் வேலை செய்த குடும்பத்துக்கு அந்த மலையில் ஒரு பேர்ச் காணி கிடையாது. தோட்டத்தை விட்டால் வேலையும் போகும், கூரையும் போகும். “எழும்பிப் போ” என்பது எச்சரிக்கை. “இந்தா காணி, இந்தா வீடு, வா” என்பதுதான் ஏற்பாடு. மீரியபெத்தக்கு முதலாவது இரண்டு தடவை வந்தது. இரண்டாவது, மலை இறங்கிய பிறகு வந்தது. தப்பியவர்களில் பலர் மகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

இப்போது அந்த இடத்தைப் “பேய்க் கிராமம்” என்கிறோம். நொக்ஸ் காலத்து மக்கள் மன்னனைச் சொல்ல முடியாமல் காட்டுச் சத்தத்தைச் சொன்னார்கள். நாங்களும் அதையே செய்கிறோமா? பேய் என்று சொன்னால் 2005ஐயும் 2011ஐயும் பற்றிப் பேசத் தேவையில்லை. காணி உறுதி பற்றிக் கேட்கத் தேவையில்லை. அங்கே புதைந்திருப்பவர்கள் எங்கள் பிள்ளைகளின் அம்மம்மா, சித்தப்பா, தங்கச்சி. அவர்களை வெள்ளை உருவமாக்கி வீடியோவில் ஓட விடும்போது அவர்கள் இரண்டாம் தடவை புதைக்கப்படுகிறார்கள். இறந்தவர்களைக் கண்ணியமாக நினைக்கச் சொல்வதில் எல்லாச் சமயமும் ஒன்றுதான்.

கதை முடியவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயன்கள் உடைந்தன. இன்றும் எத்தனையோ டிவிஷன்களில் சரிவுக்கு அடியில் மக்கள் தூங்குகிறார்கள்.

ஆகவே இந்த மழைக்காலத்தில் பேயைப் பார்க்கிற கண்ணால் இவற்றைப் பாருங்கள்:

• நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. பழைய வெடிப்பு அகலமாவது.
• கதவும் ஜன்னலும் திடீரென்று இறுகிப் பூட்ட முடியாமல் போவது.
• மரமும் லைட் போஸ்டும் சரிவது.
• புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது. தெளிந்த ஊற்று கலங்குவது, அல்லது சட்டென்று வற்றுவது.

மழையையும் அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான நேரான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் புறப்படத் தயாராகுங்கள். 150 என்றாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ உடனே வெளியேறுங்கள். இவை கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற அளவுகள். ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலையும் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்யலாம். தாத்தா பாட்டியிடம் போய், உங்கள் டிவிஷனில் எந்தெந்த இடத்தில் “பேய் இருக்கு, போகாதே” என்று சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள். சிலர் “தெரியாது” என்பார்கள். சிலர் “அங்கதான் முந்தி மண் இறங்கிச்சு” என்பார்கள். அந்தப் பதிலைத் திகதியோடு எழுதி, கிராம சேவகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

மீரியபெத்தயில் மறைந்த எல்லோருக்கும் எங்கள் பிரார்த்தனைகள். தோட்டத்தில் உறவினர் இருப்பவர்கள் அந்த அளவுகளையும் 117ஐயும் இன்றைக்கே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.