கோட்சால்க்கும் இரட்டை முன்குறிப்பும்: ஒன்பதாம் நூற்றாண்டுப் பிராங்கிய அரசில் இறையிரக்கம் குறித்த வழக்கு

முன்னுரை

இறைவன் மனிதருள் சிலரை மீட்புக்கெனத் தெரிந்துகொண்டார் எனின், ஏனையோர்க்கு நீதி செய்யப்பட்டதா என்னும் வினா உடனே எழுகிறது. உரோமையர் மடலின் 9ஆம் அதிகாரம் இவ்வினாவைக் குயவன், களிமண் உவமையால் எதிர்கொள்கிறது. பெலாஜியரோடு வாதிட்ட அகஸ்தீன், ஆதிப்பாவத்தால் மனிதகுலம் முழுவதும் தண்டனைக்குரியதாயிற்று. அதிலிருந்து சிலரைக் காப்பது இரக்கம், பிறரை விட்டுவிடுவது நீதி என விடையளித்தார். தீமை செய்யவே சிலர் முன்குறிக்கப்பட்டனர் என்பதை 529இல் கூடிய ஆரஞ்சு ஆயர் மன்றம் கண்டித்தது. தீயோர் தண்டனைக்கு முன்குறிக்கப்பட்டனரா என்பதை அது தனியே ஆராயவில்லை. அந்த இடைவெளியில் எழுந்த கோட்சால்க் என்னும் துறவியின் வழக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

நேர்ந்துவிடப்பட்டவர்

சாக்சனியப் பிரபு பெர்னின் மகனான கோட்சால்க், சிறுவனாக இருந்தபோதே ஃபுல்டா மடத்திற்கு நேர்ந்துவிடப்பட்டவர். தம் இசைவின்றி இது நிகழ்ந்ததென அவர் முறையிட, 829இல் மைன்ஸ் ஆயர் மன்றம் அவரை விடுவித்தது. மடத் தலைவர் ரபானஸ் மவுரஸ் இதை ஏற்காமல் பேரரசர் லூயியிடம் முறையிட்டார். சிறுவரை நேர்ந்துவிடும் வழக்கத்தை ஆதரித்து நூலும் எழுதினார். ஃபுல்டாவை விட்டு நீங்கிய கோட்சால்க், துறவியாகவே கோர்பி, ஓர்பே மடங்களில் வாழ்ந்து அகஸ்தீனை ஆழ்ந்து பயின்றார். இருவரும் 848இல் அதே மைன்ஸ் நகரில் மீண்டும் எதிரெதிரே நின்றனர். அப்போது ரபானஸ் அந்நகரின் பேராயர்.

தம் இசைவின்றித் தரப்பட்டதை எதிர்த்தவர், மனித இசைவுக்கு முந்திய இறைத்தெரிவை ஏன் வலியுறுத்தினார்? இதனை உளவியல் முரணாகக் காண்பது எளிது. அவர் எழுத்துகளோ அதற்கு இடந்தரவில்லை. அவருடைய வாதம் இறைவனின் மாறாத்தன்மையில் தொடங்குகிறது. காலத்தில் நிகழும் தீர்ப்பை இறைவன் காலத்திற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். இல்லையேல் நியாயத்தீர்ப்பு நாளில் இறைவன் புதிதாக ஒன்றை விரும்புபவராகிவிடுவார். ஆகவே நல்லோர் வாழ்வுக்கும் தீயோர் தண்டனைக்கும் முன்குறிக்கப்பட்டவர்கள். பாவம் செய்யுமாறு எவரையும் இறைவன் முன்குறிக்கவில்லை என்பதையும் அவர் தெளிவாகக் கூறினார். எதிரிகள் இதனைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. கிறிஸ்து மீட்கப்படுவோர்க்காக மட்டுமே இறந்தார் என்பதே அவர் கொள்கையின் கடினமான முனை.

கியேர்சியின் தீர்ப்பு

மைன்சில் கண்டிக்கப்பட்ட அவர் ரீம்ஸ் பேராயர் ஹிங்க்மாரிடம் அனுப்பப்பட்டார். 849இல் கியேர்சியில் கூடிய மன்றம் அவரைக் கசையால் அடிக்கவும், தம் எழுத்துகளைத் தாமே தீயிலிடவும் செய்து, ஓட்வில்லேர் மடத்தில் அடைத்தது. ஹிங்க்மாரின் அச்சம் பொய்யானதன்று. யாவும் முன்பே முடிவானதென்றால் மனந்திரும்புதலுக்கும் திருவருட்சாதனங்களுக்கும் என்ன பயன் என்று எளிய மக்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கெனவே அவர் ஓர் எச்சரிக்கை நூலும் எழுதினார். தண்டனை தீயோர்க்கென முன்குறிக்கப்பட்டது, தீயோர் தண்டனைக்கென முன்குறிக்கப்படவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. சொல்லளவில் நுண்ணிய இவ்வேறுபாடு, விலக்கப்பட்டவன் பார்வையில் எதை மாற்றுகிறது என்பது ஐயத்திற்குரியது. மேலும், இதற்கு அவர் சான்றாகக் கொண்ட ஹிப்போம்னெஸ்டிகான் அகஸ்தீனின் நூலே அன்று.

கோட்சால்க் அடைபட்டார், வினா அடைபடவில்லை. கோர்பியின் ரத்ராம்னஸ், த்ருவா ஆயர் ப்ருடென்டியஸ், ஃபெரியேர் மடத் தலைவர் லூபஸ் ஆகிய கற்றறிந்தோர் இரட்டை முன்குறிப்புக்குச் சார்பாக எழுதினர். ஹிங்க்மாரின் வேண்டுகோளின்படி மறுப்பெழுதிய ஜான் ஸ்காட்டஸ் எரியுஜினாவோ, தீமை இன்மையே ஆதலின் அதற்கு முன்குறிப்பே இல்லை என வாதிட்டு இரு தரப்பையும் கலங்கச் செய்தார். 853இல் மீண்டும் கியேர்சியில் கூடியோர், எல்லாரும் மீட்கப்பட இறைவன் விரும்புகிறார், கிறிஸ்து எல்லார்க்காகவும் துன்புற்றார் என அறிவித்தனர். 855இல் வாலன்ஸ் மன்றம் இதற்கு மாறாக இரட்டை முன்குறிப்பை ஏற்றது. மீட்கப்படுவோரின் தெரிவில் இரக்கம் தகுதிக்கு முந்துகிறது. அழிவோரின் தண்டனையில் அவர்தம் தீவினை தீர்ப்புக்கு முந்துகிறது என அம்மன்றம் வகுத்த வரையறை, இவ்வழக்கில் உருவானவற்றுள் மிகவும் தெளிவானது. 860இல் டூசே மன்றம் பூசலைத் தணித்தது. சிறையிலிருந்தவரின் நிலை மாறவில்லை.

நெடுங்காலம் கோட்சால்க்கை அறிய எதிரிகளின் எழுத்துகளே பெரிதும் உதவின. 1631இல் பேராயர் ஜேம்ஸ் அஷர் டப்ளினில் இவ்வழக்கின் வரலாற்றை வெளியிட்டார். பெர்ன் நகரக் கையெழுத்துப்படியொன்றில் ஜெர்மேன் மோரின் கண்டறிந்த எழுத்துகளை உள்ளடக்கி, 1945இல் லாம்போ வெளியிட்ட பதிப்பே அவருடைய குரலை விரிவாக அளித்தது. சிறையிலிருந்து எழுதிய விசுவாச அறிக்கையொன்றில் அவர் ஒரு சோதனைக்கு முன்வருகிறார்: அரசன் முன்னிலையில் கொதிக்கும் நீர், எண்ணெய், கொழுப்பு, கீல் நிறைந்த நான்கு பீப்பாய்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, பின் தீயையும் கடப்பதாக. எவரும் அதற்கு இசையவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் அவர் இறக்கும் தறுவாயில், ஹிங்க்மார் தாம் வரைந்த அறிக்கையை ஏற்றால் மட்டுமே நற்கருணை வழங்கலாம் என மடத்தாருக்கு ஆணையிட்டார். கோட்சால்க் அதை ஏற்காமலேயே இறந்தார்.