பதினாறு மார்க்கில் அடங்காத கதை

2018-ல் ஒரு இன்டர்வியூ. ரெஸ்யூமில் 'விருப்பப் பாடம்: சாஃப்ட் கம்ப்யூட்டிங்' என்று பந்தாவாகப் போட்டிருந்தேன். எதிரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "சிங்கிள் லேயர் பெர்செப்ட்ரானால எக்ஸார் ஏன் செய்ய முடியாது?" என்று கேட்டார். "லீனியர்லி செப்பரபிள் இல்ல சார்" என்றேன் பட்டென்று. டூ மார்க் கேள்வியாச்சே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்! அவர் விடவில்லை. "சரி, அப்படின்னா என்ன? பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்க" என்றார். பேனாவைத் திறந்தேன். மூடினேன். வேலை கிடைக்கவில்லை.

அந்தப் பாடத்தில் நான் வாங்கியது 'ஏ' கிரேடு என்பது கூடுதல் தகவல் :-)

2024 அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தபோது இந்த அவமானம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹிண்டனுக்கும். ஹாப்ஃபீல்டா? நம்ம ரெண்டாவது யூனிட் ஹாப்ஃபீல்டா? மனுஷனைப் பற்றி 16 மார்க்குக்கு மூணு பக்கம் எழுதியிருக்கேன். படம், சமன்பாடு, அல்காரிதம், பயன்கள், எல்லாம். ஆனால் அவர் இயற்பியல்காரர் என்பதே எனக்குத் தெரியாது. காந்தப் பொருளுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துத் திருப்பி ஒரு நிலையில் வந்து அடங்குகிற கணக்கை எடுத்து, 1982-ல் நினைவாற்றலுக்குப் பொருத்தினார். பாதி அழிஞ்ச கோலத்தைப் பார்த்தே பாட்டி முழுக் கோலத்தையும் போட்டு முடிப்பார்களே, அந்த வேலையைத்தான் அந்த நெட்வொர்க் செய்கிறது. இதை யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் மூணு பக்கம் மனப்பாடம் செய்திருக்க வேண்டாம்.

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஐந்து யூனிட்டாக நறுக்கி வைத்த இந்தப் பாடத்துக்குப் பின்னால் நல்ல மசாலா படத்துக்கான கதை இருக்கிறது. சண்டை, கிண்டல், சோகம், எல்லாம் உண்டு.

1943-ல் வாரன் மெக்கல்லக் என்ற மருத்துவரும் வால்டர் பிட்ஸ் என்ற இளைஞரும், நரம்புச் செல்லை ஒரு லாஜிக் சுவிட்ச் மாதிரி பாவித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிட்ஸுக்கு அப்போது 20 வயதுதான். வீட்டை விட்டு ஓடி வந்தவர், முறையான பட்டம் எதுவும் கிடையாது. நமக்கு 'எம்.பி. நியூரான்' என்று ஒரு படத்தோடு முடிந்து போகிறவர் இவர்தான்.

அடுத்து ஃபிராங்க் ரோசன்பிளாட். கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வகத்தில் வேலை பார்த்த உளவியல்காரர். 1958-ல் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் தன் பெர்செப்ட்ரானை ஓட்டிக் காட்டினார். இடப்பக்கம் குறி போட்ட அட்டை எது, வலப்பக்கம் போட்டது எது என்று 50 முயற்சிகளில் அது தானாகவே கற்றுக்கொண்டது. பிறகு தனி இயந்திரமே கட்டினார்கள். இருபதுக்கு இருபது, மொத்தம் 400 ஒளி உணரிகள்தான் அதன் கண். நாம் நோட்டில் 'டபிள்யூ' என்று எழுதும் வெயிட் எல்லாம் அதில் ரேடியோ வால்யூம் திருகு மாதிரியான பொருள்கள். குட்டி குட்டி மோட்டார்கள் அவற்றைத் திருகும். 'வெயிட் அப்டேட்' என்றால் நிஜமாகவே ஒரு மோட்டார் சுற்றியிருக்கிறது! இது நடக்கும், பேசும், தன்னைத்தானே உணரும் என்கிற அளவுக்குப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

1969-ல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் 'பெர்செப்ட்ரான்ஸ்' என்ற புத்தகம் போட்டார்கள். ஒற்றை அடுக்கு பெர்செப்ட்ரானால் எதெல்லாம் முடியாது என்று கணக்குப் போட்டு நிரூபித்தது அது. அடுக்குகளைக் கூட்டினாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்பது தங்கள் ஊகம் என்றும் எழுதியிருந்தார்கள். நிரூபணம் வேறு, ஊகம் வேறு. ஆனால் படித்தவர்களில் பலர் ரெண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். இந்தத் துறைக்கு வந்த பணமும் ஆளும் வற்றிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால் மின்ஸ்கியும் ரோசன்பிளாட்டும் நியூயார்க்கில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1971 ஜூலையில், தன் 43-வது பிறந்தநாள் அன்று, ரோசன்பிளாட் படகு விபத்தில் இறந்து போனார். தன் பொருள் ஜெயித்ததைப் பார்க்கவே இல்லை.

ஃபஸி லாஜிக்கின் கதையும் கிண்டலில்தான் தொடங்குகிறது. பாகூவில் பிறந்து பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஸாடே 1965-ல் 'ஃபஸி செட்ஸ்' கட்டுரையை வெளியிட்டார். 'உயரமானவர்' என்றால் எத்தனை செ.மீ.? 179 குள்ளம், 180 உயரமா? ஓரளவு உயரம் என்று ஏன் கணக்கில் சொல்லக் கூடாது? இதுதான் அவர் கேட்டது. கால்மன் ஃபில்டர் புகழ் ருடால்ஃப் கால்மனே இதைக் கடுமையாக விமர்சித்தார். பெர்க்லியிலேயே வில்லியம் கஹான் இது தப்பு, ஆபத்து என்றார்.

அதை வேலைக்கு ஆகும் என்று காட்டியவர் இப்ராஹிம் மம்தானி. டான்சானியாவில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு லண்டன் போனவர். 1970-களின் நடுவில், குவீன் மேரி கல்லூரியில், தன் மாணவர் அசிலியனோடு ஒரு சின்ன நீராவி இயந்திரத்தை ஃபஸி விதிகளால் ஓட்டினார். பால் பொங்குற மாதிரி இருந்தா அடுப்பைக் கொஞ்சம் குறை, ரொம்பப் பொங்கினா நல்லாவே குறை என்று அம்மா சொல்வார்களே, அந்த ரக விதிகள்தான். 1987-ல் ஜப்பானின் செண்டாய் நகர சுரங்க ரயில் ஃபஸி கட்டுப்பாட்டில் ஓடியது. 1990 வாக்கில் வாஷிங் மெஷினுக்குள் வந்தது. பரீட்சையில் நாம் எழுதும் 'மம்தானி மெத்தட்' ஒரு நீராவி இயந்திரத்தின் கதை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெனடிக் அல்காரிதம் பற்றி சுருக்கமாக: மிச்சிகனில் ஜான் ஹாலண்ட் 1975-ல் புத்தகமாகப் போட்டார். அவர் மாணவர் டேவிட் கோல்ட்பர்க் ஒரு சிவில் இன்ஜினியர். எரிவாயுக் குழாய்ப் பாதையைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்தி 1983-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இப்படி ஆளுக்கொரு மூலையில் இருந்த மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, 'சாஃப்ட் கம்ப்யூட்டிங்' என்று 1990-களின் ஆரம்பத்தில் பெயர் வைத்தவரும் ஸாடேதான். துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, வேலை நடக்கட்டும் என்பது பொது குணம். 'கம்ப்யூட்டேஷனல் இன்டலிஜென்ஸ்' என்பது கிட்டத்தட்ட அதே குடும்பத்துக்கு இன்னொரு பெயர். நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. இந்தியக் கல்லூரிகளில் பலரும் புரட்டிய ராஜசேகரன் - விஜயலட்சுமி பய் புத்தகமும், சிவானந்தம் - தீபா புத்தகமும் கோயம்புத்தூர்ப் பேராசிரியர்கள் எழுதியவை. கையால் போட்டுப் பார்க்கக் கணக்குகளைக் கொடுத்த புத்தகங்கள். குறை அவற்றின் மேல் இல்லை. கேள்வித்தாள் கேட்பதை மட்டும் படித்த என் மேலும், அது போதும் என்று விட்ட முறையின் மேலும்தான்.

போன வருஷம் நான் படித்த கல்லூரியிலிருந்து மேடம் கூப்பிட்டு, மூன்றாம் ஆண்டு பசங்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொன்னார். ஸ்லைடு எதுவும் எடுத்துப் போகவில்லை. தரையில் ஒரு சதுரத்தின் நாலு மூலையில் நாலு பேரை நிறுத்தினேன். எதிரெதிர் மூலையில் இருப்பவர்கள் ஒரு கட்சி. லேபில் கிடந்த லேன் கேபிளைக் கொடுத்து, "நேராப் பிடிச்சு, ரெண்டு கட்சியையும் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். குறுக்கே, நெடுக்கே, சாய்வாக, எப்படிப் பிடித்தாலும் ஒருத்தன் எதிர்க்கட்சியில் மாட்டினான். இன்னொரு கேபிள் கொடுத்ததும், ரெண்டையும் சாய்வாக இணையாகப் பிடித்து ஒரு கட்சியை நடுவில் அடைத்துவிட்டார்கள். ஹிடன் லேயர் அவ்வளவுதான்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அண்ணா, ரெண்டு கேபிள்தானே? இதுக்குப் போயா 1986 வரைக்கும் ஆச்சு?" என்றாள். அருமையான கேள்வி! ரெண்டு கோடு போதும் என்பது மின்ஸ்கிக்கும் தெரியும். நாம் கண்ணால் பார்த்து கேபிளைப் பிடித்தோம். இயந்திரம் தானாக அந்த இடத்தைக் கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் சிக்கல். ரிலீஸ் ஊத்திக்கொண்டால் டீமில் யாரால் எவ்வளவு ஊத்திக்கொண்டது என்று பிரிக்கிற மாதிரி, கடைசியில் வந்த பிழையில் நடு அடுக்கின் பங்கைப் பிரிக்க வேண்டும். ரோசன்பிளாட்டின் நியூரான் படிக்கட்டு மாதிரி: 0 அல்லது 1. திருகைக் கொஞ்சம் திருகினால் எந்த மாற்றமும் தெரியாது. படிக்கட்டைச் சரிவுப் பாதையாக மாற்றினால் சின்ன மாற்றமும் தெரியும், பழியைப் பின்னோக்கிப் பங்கு போடலாம். பால் வெர்போஸ் 1974-லேயே இந்த வழியைத் தன் ஆய்வேட்டில் எழுதினார். ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் 1986-ல் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ரோசன்பிளாட்டே 1962-ல் பிழையைப் பின்னோக்கி அனுப்புவது பற்றித் தன் புத்தகத்தில் முயன்றிருக்கிறார். வழிதான் அகப்படவில்லை.

சொல்லி முடித்ததும் வழக்கமான கேள்வி வந்தது. "இது எக்ஸாமுக்கு வருமாண்ணா?"

"வராது. இன்டர்வியூவுக்கு வரும்" என்றேன். என் கதையைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. கிளம்பும்போது, கேள்வி கேட்ட அந்தப் பெண் நோட்டில் நாலு புள்ளியும் ரெண்டு சாய்வுக் கோடும் வரைந்திருந்ததைப் பார்த்தேன். 2018-ல் நான் வரைய வேண்டிய படம் அது.

வாத்தியார் வேலையில் இருக்கும் பதிவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு யூனிட்டிலும் முதல் பத்து நிமிஷம், அதைக் கண்டுபிடித்தவர் எங்கே முட்டிக்கொண்டு நின்றார் என்று சொல்லுங்கள். சமன்பாடு அப்புறம் வரட்டும்.